தலைப்பாகையால் பதவி போன கவர்னர்

நெற்றியில் விபூதி பூசக்கூடாது. நாமம் போடக்கூடாது. காதில் கடுக்கன் அணியக்கூடாது. தாடி வைக்கக்கூடாது.

1806-ம் ஆண்டு, சென்னை ராணுவத்தில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு இப்படி ஓர் உத்தரவு பிறந்தது. உடுப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டால், ஒரு சிப்பாய் எந்த மதம், எந்த ஜாதி என்று முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பதே அந்த உத்தரவின் சாரம்.

காகிதத்தில் அது சில வரிகள்தான். ஆனால் அந்தச் சில வரிகளால் வேலூர்க் கோட்டையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். சென்னை கவர்னரின் பதவியும் பறிபோயிற்று.

அந்தக் கவர்னர்தான் பெண்டிங் பிரபு.

பிற்காலத்தில் கவர்னர் ஜெனரலாகி, உடன்கட்டை ஏறும் கொடுமையைச் சட்டம் போட்டு ஒழித்தாரே, அவரேதான்! பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியும். ஆனால் அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பு, நம் தமிழ்நாட்டில் அவர் பட்ட அடி பலருக்குத் தெரியாது.

பிரதமர் வீட்டுப் பிள்ளை

வில்லியம் பெண்டிங் 1774-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை போர்ட்லண்டு கோமகன். இங்கிலாந்தின் பிரதமராக இரண்டு முறை இருந்தவர். பெண்டிங் அவருடைய இரண்டாவது மகன்.

அந்த நாட்டுப் பிரபு குடும்பங்களில் பட்டமும் பெருநிலமும் மூத்த மகனுக்குப் போகும். இரண்டாவது மகன் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்டிங் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 16.

பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து ஐரோப்பாவில் நடந்த போர்களில் அவர் பங்கு கொண்டார். 1803-ம் ஆண்டு மேரி என்ற சீமாட்டியை மணந்தார்.

அதே ஆண்டு அவருக்குச் சென்னை கவர்னர் பதவி கிடைத்தது. 1803-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி பொறுப்பேற்றார். அன்று அவருக்கு 29 வயதுகூட நிறையவில்லை!

இந்த வயதில் இவ்வளவு பெரிய மாகாணமா என்று கேட்கத் தோன்றும். திப்பு சுல்தான் போரில் வீழ்ந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. பாளையக்காரர்களின் கடைசிப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் புதிதாக வந்து சேர்ந்த சீமை அது. மேலே அமைதி தெரிந்தது. அடியில் நெருப்பு இருந்தது.

பெண்டிங் சோம்பேறியல்ல. குடியானவனிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு ஆதரவு கொடுத்தார். தாமஸ் மன்றோ போன்ற அனுபவசாலிகளின் பேச்சுக்கு மதிப்புத் தந்தார். நல்ல கவர்னர் என்ற பெயர் வரும்போல் இருந்தது.

அந்த நேரத்தில்தான் தலைப்பாகை வந்தது.

புதிய சேனாதிபதி

சென்னை ராணுவத்தின் தலைமைச் சேனாதிபதியாக சர் ஜான் கிராடக் என்பவர் இருந்தார். இவர் பட்டாளத்தின் ஒழுங்குமுறைகளைப் பார்த்தார். ஒரு பட்டாளத்தில் ஒரு பழக்கம். அடுத்த பட்டாளத்தில் வேறு பழக்கம். விதிகள் ஒரே புத்தகமாக இல்லை. எல்லாவற்றையும் திரட்டி ஒரே தொகுப்பாக்க உத்தரவிட்டார்.

சிப்பாய்கள் எல்லாரும் ஒரே மாதிரி தோற்றம் அளிக்க வேண்டும் என்பது அந்தத் தொகுப்பைத் தயாரித்த அதிகாரிகளின் எண்ணம். அதனால் இரண்டு மாற்றங்கள் வந்தன.

ஒன்று, புதிய தலைப்பாகை. பழைய தலைப்பாகையை எடுத்துவிட்டு, வேறு அமைப்பில் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் தோலால் செய்த ஒரு சின்னம் இருந்தது. பார்வைக்கு அது வெள்ளைக்காரர்களின் தொப்பியைப் போல் இருந்தது.

இரண்டாவது, முகம் பற்றிய விதி. உடுப்பில் இருக்கும்போது நெற்றியில் ஜாதிக்குறி இடக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, மோவாயை மழித்துக்கொள்ள வேண்டும், மீசையைக்கூடச் சொன்ன அளவில்தான் வைக்க வேண்டும்!

சில பட்டாளங்களில் அணிவகுப்பு நேரத்தில் குறிகளை அழித்துவிடும் பழக்கம் முன்பே இருந்தது என்று பிற்பாடு அதிகாரிகள் சொன்னார்கள். ஆகவே புதிதாக எதையும் நுழைத்துவிட்டதாக அவர்கள் நினைக்கவில்லை. ஆனால் சில இடங்களில் வழக்கமாக நடப்பது வேறு. சர்க்கார் முத்திரையோடு எல்லார் மேலும் சட்டமாக விழுவது வேறு.

விதித்தொகுப்பு கவர்னரின் பார்வைக்கு வந்தது. பெண்டிங் ஒப்புதல் கொடுத்தார். நெற்றிக்குறி பற்றிய பகுதி தனியாக எடுத்துக் காட்டப்படவில்லை என்று பின்னால் அவர் தரப்பில் சொல்லப்பட்டது. எப்படியானாலும், உத்தரவு அவருடைய ஆட்சியில்தான் வெளியாயிற்று. பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது.

சிப்பாய்களின் மனக்குமுறல்

சிப்பாய்கள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டார்கள். துரைமார்களின் கட்டளைக்குக் காலை எடுத்து வைத்தார்கள். போரில் உயிரைக் கொடுத்தார்கள். அதற்கெல்லாம் தயங்காதவர்கள், ஒரு தலைப்பாகைக்கு ஏன் கலங்கினார்கள்?

காரணம் உண்டு.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களைத் தொப்பிக்காரர்கள் என்றே மக்கள் அழைத்தார்கள். தலைப்பாகை கட்டியவன் நம்மவன். தொப்பி போட்டவன் அன்னியன், வேறு மதத்தான். எனவே தொப்பியைப் போன்ற ஒன்றைத் தலையில் வைத்தால், ஊருக்குள் போகும்போது மக்கள் என்ன நினைப்பார்கள்? மதம் மாறிவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். பெண் கொடுப்பார்களா? பந்தியில் பக்கத்தில் உட்காருவார்களா?

அடுத்தது தோல். அது பசுவின் தோலாக இருக்குமோ என்று இந்துக்கள் அஞ்சினார்கள். பன்றியின் தோலாக இருக்குமோ என்று முஸ்லிம்கள் அஞ்சினார்கள்.

நெற்றியில் குறி இடுவது இந்துக்களுக்குப் பரம்பரை வழக்கம். தாடி வைப்பது முஸ்லிம்கள் பலருக்கு மதக்கடமை. ஆகவே ஒரே உத்தரவு இரண்டு மதத்தாரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது!

உடுப்பில் இருந்த ஒரு சிறிய கருவி சிலுவை போல் தெரிகிறது என்ற பேச்சும் பரவியது. இன்று தொப்பி, நாளை ஞானஸ்நானம் என்று வதந்தி கிளம்பியது. எல்லாரையும் கிறிஸ்தவர்களாக்கிவிடக் கம்பெனி திட்டமிட்டிருக்கிறது என்று சிப்பாய்கள் நம்பினார்கள்.

உண்மையில் அப்படி ஒரு திட்டமும் கம்பெனியிடம் இல்லை. அதற்கு வேண்டியது வியாபாரமும் வரியும்தான். ஆனால் உத்தரவு போட்டவர்கள் காரணம் சொல்லவில்லை. சிப்பாய்களைக் கேட்கவும் இல்லை. காரணம் தெரியாத இடத்தில் வதந்தி புகுந்துகொள்வது இயல்புதானே?

தலைப்பாகை ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. குறைந்த சம்பளம், வெள்ளை அதிகாரிகளின் ஏளனம், ஆட்சியை இழந்த குடும்பங்களின் கோபம் ஆகியவையும் இருந்தன. திப்புவின் பிள்ளைகளும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். வெடிமருந்து ஏற்கெனவே குவிந்திருந்தது. தலைப்பாகை தீப்பொறியாக வந்து விழுந்தது.

900 கசையடி!

1806-ம் ஆண்டு மே மாதம். வேலூரில் இருந்த ஒரு பட்டாளத்தார் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தார்கள்.

மறுத்தவர்களில் 21 பேர் பிடிக்கப்பட்டார்கள். சென்னைக்குக் கொண்டுபோய் ராணுவ விசாரணை நடந்தது. இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி! அவர்களில் ஒருவர் இந்து; ஒருவர் முஸ்லிம். மற்ற 19 பேருக்கு ஆளுக்கு 500 கசையடி. இந்த 19 பேரும் மன்னிப்புக் கேட்டதால் விடப்பட்டார்கள்.

மறுத்த பட்டாளத்தை வேலூரிலிருந்து மாற்றிவிட்டார்கள். அத்தோடு விஷயம் முடிந்தது என்று துரைமார்கள் எண்ணினார்கள்.

முடியவில்லை. வெளியே சிப்பாய்கள் தலைப்பாகையை ஏற்றுக்கொண்டதுபோல் இருந்தார்கள். இரவில் ரகசியக் கூட்டங்கள் கூடினார்கள். முஸ்தபா பேக் என்ற சிப்பாய் இந்தச் சதியைத் தன் மேலதிகாரியிடம் சொன்னார். யாரும் நம்பவில்லை. விசாரிக்கச் சொன்ன இந்திய அதிகாரிகளே சதியில் இருந்தார்கள். இவன் பைத்தியக்காரன் என்று அவர்கள் சொல்ல, முஸ்தபா பேக்கைப் பிடித்து அடைத்துவிட்டார்கள்!

ஜூன் மாதக் கடைசியில் சேனாதிபதி கிராடக்குக்கே சந்தேகம் வந்தது. தலைப்பாகைமீது வெறுப்பு மிகுந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கவர்னரின் கருத்தைக் கேட்டார்.

பெண்டிங் பிரபுவின் வாழ்க்கையில் இதுதான் முக்கியமான நேரம். உத்தரவை ரத்து செய்ய ஒரு கையெழுத்துப் போதும். ஆனால் அவரும் அவருடைய ஆலோசனைச் சபையாரும் வேறு விதமாக யோசித்தார்கள். ஒருமுறை பணிந்தால் அடுத்த உத்தரவையும் சிப்பாய்கள் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்தார்கள். உத்தரவு அப்படியே நிற்கட்டும் என்று ஜூலை தொடக்கத்தில் பதில் போயிற்று.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேலூர் வெடித்தது.

ஜூலை 10

1806-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி, திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டையில் கல்யாணம். ஆட்டமும் பாட்டமுமாக இருந்தது. யார் வருகிறார், யார் போகிறார் என்று கவனிப்பார் இல்லை.

மறுநாள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே துப்பாக்கிகள் முழங்கின. காவலில் இருந்த வெள்ளைச் சோல்ஜர்கள் சுடப்பட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களின் முகாம்மீது குண்டுமழை பொழிந்தது. கோட்டைத் தளபதி கர்னல் பான்கோர்ட் சத்தம் கேட்டு வெளியே வந்தார். வந்த இடத்திலேயே சுட்டு வீழ்த்தப்பட்டார். வெள்ளைக்கார அதிகாரிகளும் சோல்ஜர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

கோட்டையின் உச்சியில் திப்புவின் புலிக்கொடி ஏறியது. திப்புவின் மகனை அரசராக்கிவிட்டதாகச் சிப்பாய்கள் ஆரவாரம் செய்தார்கள்.

ஆனால் ஒரு வெள்ளை அதிகாரி அன்று இரவு கோட்டைக்கு வெளியே தங்கியிருந்தார். அவர் ஆற்காட்டுக்கு அவசரச் செய்தி அனுப்பினார். ஆற்காடு சுமார் 16 மைல். அங்கிருந்த கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு பறந்து வந்தார். கயிற்றில் தொங்கிச் சுவர்மேல் ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் கோட்டை வாசலைத் தகர்த்தன. குதிரைப்படை உள்ளே பாய்ந்தது.

பகல் ஆவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள்.

பிறகு விசாரணை நடந்தது. ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள். ஐந்து பேர் சுடப்பட்டார்கள். எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஐந்து பேர் நாடு கடத்தப்பட்டார்கள். கலகம் செய்த மூன்று பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. பைத்தியம் என்று அடைக்கப்பட்ட முஸ்தபா பேக்குக்குப் பரிசு கிடைத்தது!

தலைப்பாகை உத்தரவு? ஜூலை மாதத்திலேயே அதை ரத்து செய்துவிட்டார்கள். நெற்றிக்குறி, தாடி பற்றிய விதியும் கைவிடப்பட்டது. மே மாதத்தில் 21 பேர் கேட்டதும் இதைத்தான்.

பதவி பறிபோயிற்று

செய்தி கப்பலேறி லண்டனுக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆயின. கம்பெனியின் இயக்குநர்கள் திடுக்கிட்டார்கள்.

லண்டனில் பெரிய வாக்குவாதம் மூண்டது. பாதிரிமார்களை இந்தியாவில் அனுமதித்ததால் வந்த வினை என்று ஒரு கட்சி. அதிகாரிகளின் மடமையால் வந்த வினை என்று ஒரு கட்சி. திப்பு குடும்பத்தின் சதி என்று ஒரு கட்சி.

இயக்குநர்கள் முடிவு செய்தார்கள்: கவர்னர் பெண்டிங், சேனாதிபதி கிராடக் இருவரையும் திரும்ப அழைப்பது!

அந்த நேரத்தில் இங்கிலாந்தின் பிரதமர் யார் தெரியுமா? பெண்டிங்கின் தந்தையேதான். 1807-ம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் அவர் இரண்டாவது முறையாகப் பிரதமர் ஆனார். அடுத்த சில வாரங்களில் மகனின் பதவி போயிற்று. தந்தையின் செல்வாக்காலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

1807-ம் ஆண்டு செப்டம்பரில் பெண்டிங் பதவியை விட்டு இறங்கினார். வரும்போது வாலிபர். போகும்போது அவமானப்பட்ட மனிதர்.

அவர் சும்மா இருக்கவில்லை. தம்மை விசாரிக்காமல் தண்டித்துவிட்டார்கள் என்று இயக்குநர்களுக்கு நீண்ட விண்ணப்பம் எழுதினார். அது பிறகு அச்சிலும் வெளிவந்தது. இயக்குநர்கள் அவருடைய நேர்மையைக் குறை சொல்லவில்லை. ஆனால் சிப்பாய்களின் மனநிலையைத் தெரிந்துகொள்ளாமல் கடுமையில் இறங்கியது தவறு என்றார்கள். தீர்ப்பை மாற்றவும் மறுத்துவிட்டார்கள்.

20 ஆண்டுகள்

மீண்டும் பட்டாளத்துக்குப் போனார் பெண்டிங். ஸ்பெயினில் நடந்த போரில் 1809-ம் ஆண்டு கொருன்னா என்ற இடத்தில் ஒரு படைப்பிரிவை நடத்தினார். 1811-ம் ஆண்டு சிசிலித் தீவுக்குப் போனார். அங்கே அரசரின் எதேச்சாதிகாரத்தைக் குறைத்து, இங்கிலாந்து மாதிரியில் 1812-ம் ஆண்டு ஓர் அரசியல் சட்டம் வருவதற்குக் காரணமாக இருந்தார். அது நீடிக்கவில்லை. பார்லிமெண்டிலும் உறுப்பினராக இருந்தார்.

ஆனால் மனதில் ஒரு முள் இருந்தது. எந்த நாட்டில் அவமானம் நேர்ந்ததோ அந்த நாட்டிலேயே போய்ப் பெயரை மீட்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது.

1827-ம் ஆண்டு அந்த வாய்ப்புக் கிடைத்தது. கவர்னர் ஜெனரல் பதவி! 1828-ம் ஆண்டு ஜூலை மாதம் கல்கத்தாவில் வந்து இறங்கினார். இப்பொழுது அவருக்கு வயது 53.

வேலூரின் நினைவு

அங்கே அவருக்கு ஒரு பெரிய சோதனை காத்திருந்தது.

வங்காளத்தில், புருஷன் இறந்தால் பெண்டாட்டியையும் சேர்த்து எரிக்கும் கொடுமை நடந்துகொண்டிருந்தது. 1828-ம் ஆண்டில் மட்டும் வங்காள ராஜதானியில் 463 பெண்கள் இப்படி எரிந்ததாகச் சர்க்கார் கணக்கு. அவர்களில் 420 பேர் வங்காளம், பீகார், ஒரிசா பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவருக்கு முன்பு இருந்த கவர்னர் ஜெனரல்கள் எல்லாரும் இதை வெறுத்தார்கள். ஆனால் மதத்தில் கை வைத்தால் பட்டாளம் கலகம் செய்யுமே என்று அஞ்சினார்கள். அவர்கள் அச்சத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது வேலூர்தான்!

வேலூரால் பதவி இழந்தவரே இப்பொழுது அந்த நாற்காலியில் இருந்தார். மறுபடி மதத்தில் கை வைக்க அவருக்குத் துணிவு வருமா?

வந்தது. ஆனால் இந்த முறை அவர் வேறு வழியில் போனார். முதலில் கேட்டார்.

சிப்பாய்களோடு பல ஆண்டுகள் பழகிய 49 ராணுவ அதிகாரிகளுக்கு ரகசியமாகக் கடிதம் அனுப்பினார். சதியைத் தடுத்தால் சிப்பாய்கள் என்ன நினைப்பார்கள் என்று விசாரித்தார். 24 பேர், உடனே முழுவதும் தடுத்துவிடலாம் என்றார்கள். எந்த மாற்றமும் வேண்டாம் என்றவர்கள் ஐந்து பேர்தான். மற்றவர்கள் மெல்லப் போகலாம் என்றார்கள்.

நீதிபதிகளைக் கேட்டார். போலீஸ் அதிகாரிகளைக் கேட்டார். ராஜாராம் மோகன் ராயையும் கேட்டார். சதியை எதிர்த்துப் பல ஆண்டுகள் பாடுபட்ட மோகன் ராயே, சட்டமாகப் போடாமல் போலீஸ் மூலம் படிப்படியாகக் குறைப்பது நல்லது என்றுதான் யோசனை சொன்னார்.

பெண்டிங் புள்ளிவிவரங்களைப் பார்த்தார். கம்பெனியின் வங்காளப் பட்டாளத்தில் சிப்பாய்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் வடக்கே மேல் மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். அந்தப் பக்கம் இந்த வழக்கம் மிகக் குறைவு. 463-ல் 43 மட்டுமே. ஆகவே பட்டாளத்தில் கலகம் வராது என்று முடிவுக்கு வந்தார்.

1829-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி நீண்ட குறிப்பு ஒன்று எழுதினார். அதில் வேலூரை மறக்காமல் குறிப்பிட்டார். மதத்துக்கு ஆபத்து என்ற எண்ணம் மக்கள் மனத்தில் புகுந்தால் எவ்வளவு பயங்கரம் விளையும் என்பதைக் கண்ணால் கண்டவர் தாம் என்று எழுதினார். குற்றம் செய்யாமலே பலியானவன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். அதையெல்லாம் எண்ணிப் பார்த்த பிறகும், சதியை நிறுத்தியே ஆக வேண்டும் என்று முடிவு கட்டினார்.

டிசம்பர் 4-ந் தேதி சட்டம் வந்தது. உடன்கட்டைக்குத் துணை செய்வது கொலைக்குற்றத்தின் பாற்பட்டது என்று அறிவிக்கப்பட்டது. 1830-ல் சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் தடை வந்தது.

வைதீகர்கள் கல்கத்தாவில் தர்ம சபை என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். லண்டனில் பிரிவி கவுன்சிலுக்கு மனுப் போட்டார்கள். 1832-ல் மனு தள்ளுபடி ஆயிற்று. பட்டாளத்தில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

இரண்டு உத்தரவுகள்

இந்த இரண்டு உத்தரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும்.

1829-ல் ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நெருப்பில் தள்ளப்பட்ட பெண்ணுக்கும் சர்க்காருக்கும் நடுவே மதம் என்ற பெயரில் ஒரு சுவர் நின்றது. அதை இடிக்கத் தக்க காரணம் இருந்தது.

1806-ல் யாருடைய உயிருக்கு ஆபத்து? நெற்றியில் விபூதி இருந்தால் துப்பாக்கி சுடாதா? காதில் கடுக்கன் இருந்தால் காவல் காக்க முடியாதா? அணிவகுப்பு பார்வைக்கு ஒரே சீராக இருக்கும் என்பதற்கு மேல் ஆதாயம் இல்லை. அந்தச் சிறு ஆதாயத்துக்காக, ஆயிரக்கணக்கானவர்கள் உயிராகக் கருதியதைக் கேளாமல் தொட்டார்கள்.

ஒரே உடுப்பு வேண்டும் என்று நினைத்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சர்க்கார் ஊழியன் எல்லாருக்கும் பொதுவானவன். அவனைப் பார்க்கும் ஏழைக்கு, இவன் நம் ஜாதியா, வேறு ஜாதியா என்ற நினைப்பே வரக்கூடாது. நீதி கேட்டு வருபவன் அதிகாரியின் நெற்றியைப் பார்த்து அஞ்சக்கூடாது. இது நல்ல எண்ணம்தான். ஆனால் 1806-ல் உத்தரவு போட்டவர்கள் வேறு மதத்தைச் சேர்ந்த அன்னிய ஆட்சியாளர்கள். அழிக்கச் சொன்னதெல்லாம் ஆளப்பட்டவர்களின் அடையாளங்கள். அதனால் பொதுமை என்று அவர்கள் நினைத்தது, மதமாற்றம் என்று சிப்பாய்களுக்குத் தெரிந்தது.

கசையடி ஒழிந்தது

கவர்னர் ஜெனரலாகப் பெண்டிங் இன்னும் பல காரியங்கள் செய்தார். தக்கர்கள் என்ற வழிப்பறிக் கொலைகாரர்களை ஒடுக்க அதிகாரிகளை ஏவினார். 1835-ல் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதே ஆண்டு ஆங்கிலக் கல்விக்குச் சர்க்கார் பணம் என்ற முடிவும் அவர் காலத்தில்தான் வந்தது.

இந்திய நீதிபதிகளின் அதிகாரத்தை உயர்த்தினார். டிப்டி கலெக்டர் பதவியை இந்தியர்களுக்குத் திறந்துவிட்டார். 1833-ம் ஆண்டு பார்லிமெண்டு போட்ட சட்டம், மதம், பிறந்த ஊர், குலம், நிறம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்த இந்தியருக்கும் கம்பெனி வேலையை மறுக்கக்கூடாது என்றது. அந்தச் சட்டப்படி இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் ஆனவரும் அவரே. பெரிய பதவிகள் வெகுகாலம் வரை இந்தியர்களுக்கு எட்டாமல்தான் இருந்தன என்றாலும், எழுத்தில் அந்தக் கதவு திறந்தது.

வெள்ளை அதிகாரிகளின் படிப்பணத்தைப் பற்றி அவர் செய்த சிக்கனங்களால் பட்டாளத்தில் அவருக்குக் கெட்ட பெயரும் உண்டு.

ஆனால் ஊரை விட்டுப் புறப்படும் முன்பு அவர் செய்த ஒரு காரியம் கவனிக்கத் தக்கது. 1835-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடி கொடுக்கும் தண்டனையை ஒழித்தார்! தலைப்பாகையை மறுத்ததற்காக இரண்டு பேர் முதுகில் விழுந்த 900 அடிகள் அவர் நினைவில் இருந்தனவோ என்னவோ. அவருக்குப் பின் வந்தவர்கள் 1845-ல் அந்தத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

1835-ம் ஆண்டு மார்ச் மாதம் அவர் இந்தியாவை விட்டுப் போனார். கிளாஸ்கோ நகரத்தின் பார்லிமெண்டு உறுப்பினராக இருந்தார். 1839-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி பாரிஸ் நகரில் காலமானார். வயது 64. குழந்தைகள் இல்லை.

கல்கத்தாவில் அவருக்கு வெண்கலச் சிலை எழுப்பினார்கள். சிலையின் பீடத்தில் உடன்கட்டைக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சிலை இன்று விக்டோரியா நினைவு மண்டபத் தோட்டத்தில் நிற்கிறது.

மறந்த பாடம்

வேலூர்ப் பாடத்தைப் பெண்டிங் மறக்கவில்லை. கம்பெனி மறந்தது. 51 ஆண்டுகள் கழித்து, 1857-ல், பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியதாகச் சொல்லப்பட்ட தோட்டாக்கள் வந்தன. வட இந்தியாவின் பல பகுதிகள் பற்றி எரிந்தன. அடுத்த ஆண்டு கம்பெனி ஆட்சியே போய்விட்டது. இந்திய மக்களின் மத நம்பிக்கையில் தலையிட மாட்டோம் என்று விக்டோரியா ராணி அறிக்கை விட்டார்.

அந்தக் கேள்வி இன்னும் முடிந்தபாடில்லை. சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் சீக்கியர்கள் தலைப்பாகையோடும் தாடியோடும் பணி செய்கிறார்கள். தாடி வைக்க அனுமதி கேட்டு விமானப்படையைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர் வழக்குத் தொடர்ந்தபோது, படையின் கட்டுப்பாட்டு விதியே செல்லும் என்று 2016-ம் ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கனடாவில் கியூபெக் மாகாணம், போலீசாரும் அரசு வக்கீல்களும் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் வேலை நேரத்தில் மதச்சின்னம் அணியக்கூடாது என்று 2019-ல் சட்டம் இயற்றியது. அங்கே அதன்மேல் வழக்குகளும் வாதங்களும் கிளம்பின.

வேலூர்க் கலகம் நடந்து 200 ஆண்டுகள் ஆனதும், 2006-ம் ஆண்டு ஜூலை மாதம் இந்திய அரசு அதன் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. கோட்டையின் அகழியில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. உள்ளே ஜலகண்டேசுவரர் கோவில் இருக்கிறது. நெற்றி நிறைய விபூதியோடு அங்கிருந்து வெளியே வருகிறவர்களில் சர்க்கார் அதிகாரிகளும் உண்டு, போலீஸ்காரர்களும் உண்டு.